கணித மேதைகளும் விஞ்ஞானிகளும்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

திருமலை என்று நாங்கள் சொல்லும் திருகோணமலையில், உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை பின்னேரங்களில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். தரம் 8 முதல் உயர்தரம் வரை பிள்ளைகள் வருவார்கள். பாடம் முடிந்து கொப்பியை மூடின பிறகுதான் அவர்களுடைய சொந்தக் கேள்விகள் வெளியே வரும். கூட்டிக்கொண்டு போக வந்த தாய் தகப்பன்மாரும் மதிலடியில் நின்று கேட்பார்கள். முக்கால்வாசிக் கேள்விகள் வாட்ஸ்அப்பில் வந்த ஏதோவொரு செய்தியில் இருந்து பிறந்தவை.

ஒரே பதிலைப் பல தரம் சொன்னபடியால் இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு மேதையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நான் கேட்பது இரண்டு கேள்வி: அவர் சரியாக என்ன செய்தார்? அதை நாங்களும் செய்து பார்க்கலாமா? கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டுதான் போகின்றன.

சேர், கணிதவியலாளர், விஞ்ஞானி, ரெண்டும் ஒண்டுதானே?

இல்லை. கணிதவியலாளர் நிறுவ வேண்டும். முக்கோணியின் கோணங்களைக் கூட்டினால் 180 பாகை என்பதை ஆயிரம் முக்கோணிகளை அளந்து காட்டினாலும் அவருக்குப் போதாது. விஞ்ஞானி இயற்கையிடம் கேட்க வேண்டும். எவ்வளவு அழகான கணக்காக இருந்தாலும் பரிசோதனை ஒத்துவராவிட்டால் அவர் அதை விட்டுவிட வேண்டியதுதான். நியூற்றன் போன்ற சிலர் இரண்டு பக்கமும் நின்றவர்கள். அவருடைய காலத்தில் 'விஞ்ஞானி' என்பதற்கான ஆங்கிலச் சொல்லே இல்லை. அதை 1830களில் வில்லியம் ஹியூவெல் என்பவர் உருவாக்கினார். அதற்கு முன் அப்படிப்பட்டவர்களை இயற்கை மெய்யியலாளர் என்றார்கள்.

பூமி உருண்டை எண்டு கொலம்பஸ்தானே கண்டுபிடிச்சவர்?

கொலம்பஸ் கப்பலேறியது 1492இல். அதற்கு 1,700 ஆண்டுகளுக்கு முன்பே எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்த எரட்டோஸ்தனிஸ் புவியின் சுற்றளவையே கணக்கிட்டுவிட்டார். கோடைகாலத்தின் மிக நீண்ட பகலில், நடுமதியத்தில், தெற்கே சையீன் என்ற ஊரில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதே நேரம் அலெக்சாந்திரியாவில் நிழல் 7.2 பாகை சாய்ந்திருந்தது. அது ஒரு வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் இடைத்தூரம் 5,000 ஸ்டேடியம் (பழைய கிரேக்க நீள அலகு) என்றால் முழுச் சுற்றளவு அதைப்போல ஐம்பது மடங்கு, 2,50,000 ஸ்டேடியம். கொலம்பஸைத் தடுத்த அறிஞர்கள் பூமி தட்டை என்று சொல்லித் தடுக்கவில்லை. ஆசியாவுக்கான தூரத்தை அவர் மிகக் குறைத்துப் போட்டிருக்கிறார் என்றுதான் சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரி. நடுவில் அமெரிக்கா இருந்தபடியால் அவர் தப்பினார்.

இதைத் திருமலையிலேயே செய்யலாம். எங்கள் தலைக்கு நேர் மேலே சூரியன் வருவது ஆண்டில் இரண்டு தரம்: சித்திரை வருடப்பிறப்புக்கு முன்னதாக ஏப்ரல் 12, 13 வாக்கில், பிறகு ஆகஸ்ட் 30, 31 வாக்கில். நேரம் மதியம் 12 மணி 6 நிமிடமளவில். ஒரு முறை டச்பே கடற்கரைக்கு ஒரு மீற்றர் நீள பிவிசி குழாயும் தூக்குநூலும் வெள்ளைத் தாளும் கொண்டுபோனோம். தாளுக்கு ஒரு சாண் மேலே குழாயை நிமிர்த்திப் பிடித்தபோது, நீளமாக விழுந்திருந்த நிழல் மெல்ல மெல்லச் சுருங்கி, கடைசியில் ஒரு வளையம் ஆனது. வளையத்தின் நடுவில் ஒளிவட்டம். சூரிய ஒளி குழாய்க்குள்ளால் நேரே இறங்குகிறது. வெயிலில் நின்ற அத்தனை பிள்ளைகளும் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அதே நிமிடம் நாட்டின் தென்கரையில் உள்ள மாத்தறையில் யாராவது ஒரு மீற்றர் தடி நட்டால் நாலரை சென்ரிமீற்றர் அளவில் நிழல் விழும். அது ஏறத்தாழ 2.6 பாகை. வடக்குத் தெற்காக மாத்தறைக்கு எங்களிடமிருந்து சுமார் 290 கிலோமீற்றர். 360ஐ 2.6ஆல் வகுத்து 290ஆல் பெருக்குங்கள். நாற்பதாயிரம் கிலோமீற்றர் அளவில் வரும். புவியின் சுற்றளவு அதுதான்.

பூச்சியத்தைக் கண்டுபிடிச்சது ஆரியபட்டர் எண்டு புத்தகத்தில கிடக்கே?

ஆரியபட்டர் 476இல் பிறந்தவர். அவருடைய நூல் 499இல் வந்தது. பை என்பதன் பெறுமானத்தை 3.1416 என்று தந்த பெரியவர் அவர். ஆனால் பூச்சியத்தை ஓர் எண்ணாக எடுத்து, கூட்டினால் என்ன, கழித்தால் என்ன, பெருக்கினால் என்ன என்று விதி எழுதியவர் பிரமகுப்தர், 628இல். பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் பூச்சியம் என்று அவர் எழுதினார். அதை இன்று நாங்கள் ஏற்பதில்லை. இருந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்கத் துணிந்ததே பெரிய காரியம்.

வெற்றிடத்தைக் காட்ட ஒரு குறி போடும் வழக்கம் பாபிலோனியரிடமும் மாயரிடமும் இருந்தது. எங்களுடைய பழைய தமிழ் எண்களில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் இருந்ததால் அந்த முறைக்குப் பூச்சியம் தேவைப்படவே இல்லை. இந்திய எண்முறையை 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல் குவாரிஸ்மி அரபியில் விளக்கி எழுதினார். 1202இல் பிபனாச்சி அதை லத்தீனில் எழுதினார். கணினிப் பிள்ளைகள் சொல்லும் 'அல்கோரிதம்' என்ற சொல் அல் குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது.

பைதகரஸுக்கு முன்னமே தமிழன் வர்க்கமூலம் இல்லாமலே செம்பக்கம் கண்டுபிடிச்சிட்டானாம், வாட்ஸ்அப்பில வந்தது. உண்மையோ?

எல்லாவற்றிலும் அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான். சுற்றிவரும் பாடலில் உள்ள விதி இது: செங்கோண முக்கோணியில் செங்கோணத்தை அமைக்கும் இரண்டு பக்கங்களில் நீண்டதை எட்டாக்கி ஒரு பங்கைக் கழி. மற்றப் பக்கத்தில் பாதியைக் கூட்டு. வருவது செம்பக்கம், அதாவது செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கம். செய்திக்குக் கீழே உதாரணமாக 3, 4 போட்டிருப்பார்கள். 4இல் எட்டில் ஏழு 3.5, அதோடு 1.5, மொத்தம் 5. சரி. 5, 12 போட்டாலும் 10.5 உம் 2.5 உம் சேர்ந்து 13. அதுவும் சரி. இரண்டும் சரிவந்தவுடன் எல்லாரும் அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

மூன்றாவதைப் போட்டுப் பாருங்கள். 8, 15 என்றால் சரியான விடை 17. இந்த விதி தருவது 17.125. 7, 24 என்றால் விடை 25, விதி தருவது 24.5. பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்றுக்கு மூலைவிட்டம் 14.14 அடி, விதிப்படி 13.75 அடி. நாலு அங்குலத்துக்கு மேல் பிசகு. அந்த அளவில் நூல் பிடித்து அத்திவாரம் வெட்டினால் மூலை மட்டம் நிற்காது; எந்த மேசனைக் கேட்டாலும் சொல்வார். ஆக இது ஓர் அண்ணளவு விதி. மனக்கணக்காகச் சட்டென்று போட நல்ல விதி, அதற்காக அதை நான் மதிக்கிறேன். பைதகரஸின் தேற்றத்துக்கு அது ஈடாகாது.

பைதகரஸுக்கு முன்னமே அந்தத் தொடர்பு தெரிந்திருந்ததா என்றால், தெரிந்திருந்தது. கி.மு. 1800 அளவைச் சேர்ந்த பாபிலோனியக் களிமண் பலகை ஒன்றில் அப்படியான எண் கூட்டங்கள் வரிசையாக உள்ளன. வேள்வி மேடை கட்டும் அளவுகளைச் சொல்லும் பௌதாயனரின் சுல்ப சூத்திரத்தில் பொதுவிதியே இருக்கிறது. ஏன் எப்போதும் சரி என்ற நிறுவலை யூக்கிளிட்டின் நூலில் படிக்கலாம்.

அப்ப எங்கட பக்கத்து ஆக்கள் செய்ததெல்லாம் பொய்யோ?

முந்தின பதிலைக் கேட்டு ஒரு பெடியன் முகம் வாடிக் கேட்டது இது. பொய்யே இல்லை. பெருமைப்பட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது, அதை நாங்கள் பேசுவது குறைவு. கேரளத்தில் 14ஆம் நூற்றாண்டில் சங்கமக்கிராமத்து மாதவர் என்று ஒருவர் இருந்தார். 1 − 1/3 + 1/5 − 1/7 என்று முடிவில்லாமல் போகும் தொடர் பையின் நாலில் ஒரு பங்கைத் தரும் என்று கண்டவர். ஐரோப்பாவில் கிரெகரியும் லைப்னிஸும் இதைக் கண்டது 1670களில்.

இதையும் செய்து பார்க்கலாம். பத்து உறுப்புகளைக் கூட்டி நாலால் பெருக்கினால் 3.0418. பையிலிருந்து தூரம். தொடர் ஆமை வேகத்தில் போகும் என்பது கேரளத்து ஆட்களுக்கும் தெரியும். அதனால் எத்தனை உறுப்பு கூட்டினோமோ அதன் நாலு மடங்கால் ஒன்றை வகுத்துத் திருத்தமாகச் சேர்க்கச் சொன்னார்கள். பத்து உறுப்புக்கு அது 1/40. நாலால் பெருக்க 0.1. இப்போது 3.1418! முதன்முதலில் இதைக் கல்குலேட்டரில் அடித்துப் பார்த்த அன்று எனக்கு இரவு நித்திரை வரவில்லை. மாதவர் வழியில் பை 11 தசம தானங்களுக்குச் சரியாகக் கிடைத்தது. நிறுவல்களை 16ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் 'யுக்திபாஷா' என்ற நூலில் மலையாளத்திலேயே எழுதிவைத்தார்.

நியூற்றன்ட தலையில அப்பிள் விழுந்தது உண்மையா?

தலையில் விழுந்ததாக அவர் சொல்லவில்லை. அப்பிள் விழுவதைப் பார்த்தது பற்றி முதுமையில், 1726இல், ஸ்டூக்லி என்ற நண்பரோடு மரநிழலில் தேநீர் குடித்தபடி சொன்னார். ஸ்டூக்லி எழுதிவைத்தார். அப்பிளைப் பார்த்தது 1665, 66இல், கொள்ளைநோய் காரணமாகக் கேம்பிரிட்ஜ் மூடியிருந்தபோது ஊருக்குப் போய் இருந்த காலத்தில்.

கதையைவிடக் கணக்கு முக்கியம். அப்பிளை இழுக்கும் அதே விசை சந்திரன் வரைக்கும் போகுமா என்பதுதான் அவருடைய கேள்வி. சந்திரன் இருப்பது புவியின் ஆரையைப் போல 60 மடங்கு தூரத்தில். விசை தூரத்தின் வர்க்கத்தோடு குறைந்தால் அங்கே அது 3,600 மடங்கு குறைந்திருக்கும். இங்கே ஒரு பொருள் முதல் விநாடியில் 4.9 மீற்றர் விழுகிறது. அதை 3,600ஆல் வகுத்தால் 1.36 மில்லிமீற்றர். சந்திரன் நேர்கோட்டுப் பாதையை விட்டு ஒவ்வொரு விநாடியும் எங்களை நோக்கி வளைவது அவ்வளவுதான். பௌர்ணமிக்கு உட்துறைமுகப் பக்கம் போனால் இதை நினைத்துக்கொண்டு அண்ணாந்து பாருங்கள்.

இதையெல்லாம் எழுதிய 'பிரின்சிப்பியா' 1687இல் வெளிவந்தது. லண்டனின் விஞ்ஞானச் சங்கமான ரோயல் சொசைட்டி அதற்கு முன் மீன்களைப் பற்றிய பெரிய நூலொன்றை அச்சிட்டுக் காசு தீர்ந்து போயிருந்தது. செலவை எட்மண்ட் ஹலி தன் கையிலிருந்து கொடுத்தார். ஹலியை வால்வெள்ளியோடு மட்டும் நினைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

கலிலியோ செத்த வருசம்தான் நியூற்றன் பிறந்தவராம். மறுபிறப்பு மாதிரி!

கலிலியோ இறந்தது 1642 ஜனவரி 8. நியூற்றன் பிறந்தது 1642 டிசம்பர் 25. ஆனால் முதலாவது இத்தாலியின் புதிய நாட்காட்டி, இரண்டாவது இங்கிலாந்தின் பழைய நாட்காட்டி. அன்று இரண்டுக்கும் பத்து நாள் வித்தியாசம். புதியதில் எழுதினால் நியூற்றன் பிறந்தது 1643 ஜனவரி 4. பழையதில் எழுதினால் கலிலியோ இறந்தது 1641 டிசம்பர் 29. எந்த ஒரே நாட்காட்டியில் பார்த்தாலும் இரண்டும் வேறு வேறு ஆண்டு.

ஐன்ஸ்ரைனே கணிதத்தில பெயில்தானே, என்ட மகனை மட்டும் ஏன் சேர் ஏசுறீங்கள்?

தாய்மார் கேட்பது. நான் ஏசுவது குறைவு, அம்மா. ஆனால் ஐன்ஸ்ரைன் கணிதத்தில் பெயிலானவர் இல்லை. 15 வயதுக்கு முன்பே வகையீடும் தொகையீடும் பழகியவர். 1895இல், வழமையான வயதுக்கு இரண்டு ஆண்டு முன்னதாக, சூரிச் தொழினுட்பக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சை எழுதினார். கணிதமும் பௌதிகமும் நல்லாகச் செய்தார், மற்றப் பாடங்கள் காலை வாரின. ஓராண்டு ஆராவ் என்ற ஊரில் படித்துவிட்டு உள்ளே போனார்.

பிள்ளைகளுக்குப் பிடித்த இன்னொன்று: 1922 ஒக்டோபர் கடைசியில் யப்பானுக்குப் போகும் வழியில் ஐன்ஸ்ரைன் கொழும்பில் இறங்கினார். நோபல் பரிசுச் செய்தி அறிவிக்கப்பட்டது அதற்கு அடுத்த மாதம், அவர் அதே பயணத்தில் இருந்தபோது. பரிசு சார்புக் கொள்கைக்கு அல்ல, ஒளிமின் விளைவை விளக்கியதற்கு.

ஆனா இராமானுஜன் பெயிலானவர்தானே?

ஆம், இவர் உண்மையிலேயே பெயிலானவர். ஆனால் கணிதத்தில் அல்ல. கும்பகோணம் கல்லூரியில் கணிதத்தைத் தவிர வேறொன்றையும் படிக்காததால் உதவித்தொகை போனது. பிறகு சென்னையிலும் தவறினார். கடுதாசி வாங்கக் காசு போதாமல் சிலேற்றில் கணக்குப் போட்டு முழங்கையால் அழித்தவர். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கிளார்க். துறைமுக வேலைக்குப் போகும் தகப்பன்மார் நிறைந்த ஊரில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்தக் கிளார்க்குதான் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914இல் கப்பலேறினார், 1918இல் ரோயல் சொசைட்டி உறுப்பினர், 1920இல் 32 வயதில் காலமானார்.

குலதெய்வமான நாமகிரித் தாயார் கணக்குகளைக் கனவில் சொன்னார் என்று அவரே சொன்னது உண்மை. பகலெல்லாம் சிலேற்றும் கையுமாக இருந்ததும் உண்மை. கனவை மட்டும் பிள்ளைக்குச் சொல்லி சிலேற்றை மறைத்தால் அது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. 1729 கதை, பார்க்க வந்த ஹார்டியின் டாக்சி எண், எல்லாருக்கும் தெரியும்: 1, 12 இரண்டின் கனங்களைக் கூட்டினாலும் 9, 10 இரண்டின் கனங்களைக் கூட்டினாலும் அதே எண். மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி உடனே சொல்ல முடிந்தது, எண்களோடு அவர் எவ்வளவு நாள் பழகியிருந்தார் என்பதால்தான்.

கடல் நீலமா இருக்கிறது வானத்திட நிழல் எண்டுதானே படிச்சனாங்கள்?

ஆங்கிலேயப் பௌதிகவியலாளர் ரேலி பிரபுவும் அப்படித்தான் சொன்னார். 1921இல் கப்பலில் போன சி. வி. ராமன் அதைச் சும்மா ஏற்கவில்லை. நீர்மட்டத்தில் தெறித்து வரும் ஒளியை மறைக்கும் நிக்கோல் அரியம் ஒன்றை வைத்துக் கடலைப் பார்த்தார். வானத்தின் தெறிப்பு போன பிறகும் நீலம் போகவில்லை. இன்னும் ஆழமாகத் தெரிந்தது. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று எழுதினார். அந்த வழியில் போய்த்தான் 1928 பெப்ரவரி 28இல் ராமன் விளைவு கண்டறியப்பட்டது. 1930இல் நோபல் பரிசு.

நிக்கோல் அரியத்துக்குப் பதில் முனைவாக்கும் ('போலரைஸ்ட்') கறுப்புக் கண்ணாடி போதும். காலைச் சூரியன் கொஞ்சம் ஏறிய பின் கோணேசர் கோயில் போகும் பாதையில் நின்று, கீழே கடலைச் சரிவாகப் பாருங்கள். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணுக்கு முன்னால் மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு நிலையில் மினுமினுப்பு அணைந்து, பாறையடியின் கரும்பச்சையும் அப்பால் கடும் நீலமும் திடீரென்று திறக்கும். ராமன் சொன்னதோடும் கதை முடியவில்லை. நீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதும் அந்த நீலத்துக்குப் பெரிய காரணம் என்று இன்று தெரியும்.

கணிதத்துக்கு நோபல் ஏன் இல்லை? நோபல்ட மனிசி ஒரு கணிதக்காரனோட ஓடினதாமே?

அல்பிரட் நோபல் கலியாணமே செய்யவில்லை. 1895இல் எழுதிய உயிலில் பௌதிகம், இரசாயனம், மருத்துவம், இலக்கியம், சமாதானம் என்று ஐந்தைச் சொன்னார், அவ்வளவுதான். கணிதத்துக்கு 1936 முதல் பீல்ட்ஸ் பதக்கமும் 2003 முதல் ஏபெல் பரிசும் உண்டு. சென்னையில் பிறந்த எஸ். ஆர். எஸ். வரதன் 2007இல் ஏபெல் பரிசு பெற்றார். எங்கள் பிள்ளைகளில் அவரைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அது மாற வேண்டும்.

ஏன் சேர், எல்லாரும் ஆம்பிளையளாவே இருக்கினம்?

உயர்தரப் பிள்ளை ஒருத்தி, மேலே உள்ள பெயர்களைக் கரும்பலகையில் பார்த்துவிட்டுக் கேட்டாள். கதவு பூட்டியிருந்ததுதான் காரணம். பாரிஸ் நகரில் ஆண்களுக்கு மட்டுமான கல்லூரியின் பாடக்குறிப்புகளை 'லெ பிளாங்க்' என்ற ஆண் பெயரில் வாங்கிப் படித்தவர் சோபி ஜெர்மேன். எமி நோதரைக் கணிதப் பேராசிரியர்கள் ஹில்பேட்டும் கிளைனும் 1915இல் ஜெர்மனியின் கொட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார்கள். ஆனால் பெண் என்பதால் பதவி கிடைக்கவில்லை, சம்பளமும் இல்லை. ஹில்பேட்டின் பெயரில் அறிவித்த வகுப்புகளை அவர் எடுத்தார். 1918இல் அவர் வெளியிட்ட தேற்றம், சக்தி ஏன் அழிவதில்லை என்ற உங்கள் பாடத்துக்கு அடியில் இருக்கிறது: இயற்கை விதிகள் நேற்றும் இன்றும் ஒன்றாக இருப்பதால்தான் சக்தி காக்கப்படுகிறது. 1933இல் ஹிட்லரின் நாசி அரசு அவரை வேலையிலிருந்து நீக்கியது.

ரொசலின்ட் பிராங்க்ளினின் நோபலைப் பறித்துவிட்டார்கள் என்ற செய்தியும் வரும். அவருடைய ஆய்வுகூடத்தில் எடுத்த டிஎன்ஏயின் எக்ஸ் கதிர்ப் படத்தை அவருக்குத் தெரியாமல், டிஎன்ஏயின் அமைப்பைத் தேடிக்கொண்டிருந்த வட்சனுக்குக் காட்டியது உண்மை. டிஎன்ஏ அமைப்புக்கான பரிசு கொடுத்தது 1962இல், அவர் 1958இலேயே புற்றுநோயால் காலமாகிவிட்டார். இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பீல்ட்ஸ் பதக்கம் பெற்ற முதற்பெண் ஈரானில் பிறந்த மரியம் மிர்சாகானி, 2014இல். அந்த வரிசை தொடங்க 78 ஆண்டு எடுத்திருக்கிறது.

இலங்கையில ஒருத்தரும் இல்லையா?

கிறிஸ்டி ஜெயரட்ணம் எலியேசர் கேம்பிரிட்ஜில் பௌதிகவியலாளர் டிராக்கிடம் ஆய்வு செய்தவர். இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் பிறகு மலாயாவிலும் அவுஸ்திரேலியாவின் லா ட்ரோப்பிலும் கணிதப் பேராசிரியர். காலியில் பிறந்த சிறில் பொன்னம்பெரும நாசாவுக்காகச் சந்திர மண்ணில் உயிரின் மூலப்பொருட்களைத் தேடியவர். அமெரிக்காவிலிருந்து வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த டொக்டர் சாமுவேல் கிறீனையும் நான் இதில் சேர்ப்பேன். 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். தமிழில் விஞ்ஞானம் முடியாது என்பவர்களுக்கு அதுவே பதில்.

கோணேசர் கோயிலடியில சுழியோடின ஆர்தர் சி. கிளார்க், அவர் விஞ்ஞானியா, கதை எழுத்தாளரா? செய்மதி அவர்தானே கண்டுபிடிச்சது?

1956இல் இலங்கைக்குக் குடிவந்தவர். நண்பர் மைக் வில்சனோடு, கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையடியில் சுழியோடி, போர்த்துக்கேயர் இடித்த பழைய கோயிலின் தூண்களைக் கடலுக்கடியில் கண்டார். லண்டனில் கணிதமும் பௌதிகமும் படித்துப் பட்டம் பெற்றவர். எழுத்தாளர் என்றுதான் உலகம் அறியும்.

செய்மதியை அவர் கண்டுபிடிக்கவில்லை. புவியோடு ஒத்துச் சுழலும் உயரத்தை 1929இலேயே ஹெர்மன் பொத்தொச்னிக் எழுதியிருந்தார். கிளார்க் 1945இல் எழுதியது, அந்த உயரத்தில் மூன்று நிலையங்கள் இருந்தால் உலகம் முழுவதற்கும் வானொலி, தொலைக்காட்சி அலைகளை அஞ்சல் செய்யலாம் என்பது. உயரம் 35,786 கிலோமீற்றர், புவிமையக் கோட்டுக்கு நேர் மேலே. 1964இல் அப்படியான முதற்செய்மதியைப் பொறியியலாளர்கள் அங்கே நிறுத்தினார்கள்.

புவிமையக் கோடு எங்களுக்கு எட்டரைப் பாகை தெற்கே. ஆகவே திருமலையில் எந்த வீட்டு ரிவி டிஷ்ஷும் வடக்கைப் பார்க்க முடியாது. மேற்கே, கிழக்கே பார்ப்பதுகூடக் கொஞ்சமாவது தெற்கே ஒதுங்கியிருக்கும். போன சனிக்கிழமை பிள்ளைகள் கைபேசியில் திசைகாட்டியைத் திறந்துகொண்டு எங்கள் ஒழுங்கையின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்தார்கள். பதினொரு டிஷ். ஒன்றும் வடக்கே இல்லை.